"அரை மணி நேரம்தான் பார்ப்பான்": குழந்தைகளின் திரை நேரத்தை அளப்பது எப்படி?

சேலம் அம்மாப்பேட்டையில் மழலையர் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் பல ஆண்டுகளாக ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டு வந்தேன்: "வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன், டிவி பார்ப்பான்?" அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "அரை மணி நேரம்தான் டீச்சர், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம்."

யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பாட்டி உதவினார். மூன்றரை வயதுப் பேரனைச் சேர்க்க ஜூன் மாதம் வந்திருந்தார். வழக்கமான பதிலைச் சொன்னார். நான் கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, "வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு நாள், காலையிலிருந்து இரவு வரை பையன் பக்கத்தில் திரை எரிகிற நேரத்தையெல்லாம் குறித்து வாருங்கள், அம்மா" என்றேன். மருமகளும் அவரும் சேர்ந்து எழுதிக் கொண்டுவந்தார்கள். அதில் இருந்தது இது:

காலை 7.10 முதல் 7.20 வரை, பல் விளக்கும்போது போனில் பாட்டு. 8.00 முதல் 8.25 வரை, இட்லி ஊட்டும்போது போன். 10.30 முதல் 11.45 வரை, அம்மா தார் சுற்றும்போது (தறிக்கு வேண்டிய நூலைச் சிறு கட்டைகளில் சுற்றும் வேலை) போன். மதியம் 1 முதல் 4 வரை பாட்டியின் டிவி. பையன் அதே அறையில் கார் ஓட்டி விளையாடுகிறான். மாலை 6.00 முதல் 6.40 வரை டிவியில் கார்ட்டூன். இரவு 8.30 முதல் 9.10 வரை, படுக்கையில் போன்.

கூட்டிப் பாருங்கள். பிள்ளை நேராகப் பார்த்தது 3 மணி 10 நிமிடம். பின்னணியில் டிவி ஓடியது 3 மணி நேரம். பாட்டி சொன்ன "அரை மணி" எங்கே போனது? மாலைக் கார்ட்டூன்தான் அது. பாட்டியின் கணக்கில் அது ஒன்றுதான் "டிவி பார்ப்பது". காலையில் நடந்தது பல் விளக்குவது, எட்டு மணிக்கு நடந்தது சோறு ஊட்டுவது, பத்தரைக்கு நடந்தது அம்மாவின் தறி வேலை. ஒவ்வொரு திரையும் வேறொரு காரியத்தின் பெயரில் ஒளிந்துகொண்டிருந்தது.

ஆகவே அந்தப் பையனின் திரை நேரம் எவ்வளவு? நாற்பது நிமிடமா, மூன்று மணியா, ஆறு மணியா? எதைத் திரை நேரம் என்று எண்ணுகிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் இதற்குப் பதில் இல்லை. குழந்தைகளின் திரை நேரத்தை ஆராய்கிறவர்களும் முதலில் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பின்னணி டிவியை எண்ண வேண்டுமா என்பதற்கு ஓரளவு நல்ல விடை இருக்கிறது. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒன்று முதல் மூன்று வயது வரையிலான 50 குழந்தைகளை ஒரு மணி நேரம் பொம்மைகளோடு விளையாட விட்டார்கள். அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஒன்று அறையில் ஓடியது. பிள்ளைகள் அதை ஏறெடுத்துப் பார்த்தது ஒவ்வொரு முறையும் சில விநாடிகள்தான். அப்படியிருந்தும் டிவி ஓடிய அரை மணியில் ஒவ்வொரு விளையாட்டும் சீக்கிரம் முடிந்தது. ஒன்றில் ஊன்றி நிற்கும் நேரம் குறைந்தது. குழந்தைக்குப் புரியாத நிகழ்ச்சிதானே, அது பார்க்கவில்லையே என்று பாட்டி நினைத்ததில் தவறில்லை. ஆனாலும் அந்த மூன்று மணி நேரத்தை நான் தனியாகக் குறித்துக்கொள்வேன்.

இதற்கு நேர்மாறானது வீடியோ அழைப்பு. ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் மலைக் கிராமங்களில், அப்பா திருப்பூரில் வேலை பார்க்க, பிள்ளை தாத்தா பாட்டியோடு வளரும் வீடுகள் உண்டு. சிக்னல் கிடைக்கிற மேடு வரை பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் முகத்தைக் காட்டுவார்கள். அந்தப் பத்து நிமிடமும் திரைதான். ஆனால் எதிரே இருப்பவர் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், அது சிரித்தால் சிரிக்கிறார். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குத் தருகிறது. அது நியாயமான விலக்கு.

சரி, எதை எண்ணுவது என்று முடிவாகிவிட்டது. இனி எப்படி அளப்பது?

மிக எளிய வழி, நான் செய்ததுபோல் பெற்றோரைக் கேட்பது. பெரும்பாலான ஆய்வுகள் இப்படித்தான் நடக்கின்றன. செலவு குறைவு, ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்கலாம். இந்தப் பதில்களை எவ்வளவு நம்பலாம் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் 346 பேர் அதில் கலந்துகொண்டார்கள். 2020இல் முடிவு வெளியானது. பெற்றோர் சொன்ன நேரத்தைக் கருவி பதிந்த நேரத்தோடு ஒப்பிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். ஏறக்குறைய அதே அளவினர் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கமாகத் தவறியிருந்தால் ஒரு எண்ணைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம். இங்கே தவறு இரு பக்கமும் சிதறிக் கிடக்கிறது. கூட்டலும் கழித்தலும் உதவாது.

அப்படியானால் போனையே கேட்டுவிடலாமே? ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்ற பகுதியில் எந்தச் செயலி எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கு இருக்கிறது. போனுக்கு மறதி கிடையாது. ஆனால் யார் கையில் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன் என்றால், அதில் அப்பா தறி நூல் (பாவு) கணக்கு பேசுவார், அக்கா பாடம் பார்ப்பாள், குட்டிப் பையன் ஜேசிபி வண்டி வீடியோ பார்ப்பான். மொத்தமும் ஒரே கணக்கில் விழும். மேலே சொன்ன 346 குடும்பங்களிலும் சொந்தமாகக் கருவி வைத்திருந்த பிள்ளைகள் 121 பேர்தான். அவர்களைத் தனியே பிரித்துத்தான் ஒரு நாளைக்குச் சராசரி 115 நிமிடம் என்று கணக்கிட முடிந்தது.

மூன்றாவது வழி, பாட்டி எழுதிவந்த தாள். ஆய்வுகளில் இதை நேரக் குறிப்பேடு என்பார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம்: என்ன ஓடியது, எந்தத் திரையில், யார் கூட இருந்தார்கள், அப்போது வேறென்ன நடந்துகொண்டிருந்தது. எழுதுவது சலிப்பான வேலை. அதனால் வேலை நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று என்று இரண்டு நாள் மட்டும் எழுதச் சொல்வேன். "பொதுவாக எவ்வளவு?" என்று கேட்டால் மனிதர்கள் தங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதைச் சொல்கிறார்கள். "நேற்று எட்டு மணிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களில், குழந்தையின் சட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு நாள் பதிந்தார்கள். 2024இல் முடிவு வந்தது. மூன்று வயதில், திரை ஓசை ஒரு நிமிடம் கூடினால் பெரியவர்கள் பிள்ளை காதில் விழும்படி பேசும் சொற்களில் சராசரியாக ஆறு ஏழு குறைந்திருந்தன. பேச்சுக்குப் பேச்சு என்று மாறி மாறி நடக்கும் உரையாடலிலும் ஒன்று குறைந்திருந்தது. அளப்பது என்றால் இப்படி அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் திரையால் வீட்டில் எது குறைந்தது என்பதையும் அந்தக் கருவி பதிந்தது. ஓசையில்லாமல் ஓடும் போன் அந்தக் கருவிக்குத் தெரியாது என்பது அதன் குறை. எங்கள் அம்மாப்பேட்டை வீடுகளில் வைத்தால் விசைத்தறிச் சத்தத்தில் அது வேறு எதையும் கேட்கவும் முடியாது.

நேரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். நடத்தையை அளப்பதும் சுலபமில்லை. "ரொம்ப அடம்" என்பது ஒரு வீட்டில் கத்துவது. இன்னொரு வீட்டில் சாப்பிட மறுப்பது. இதற்காகப் பல நாடுகளில் பயன்படும் வினாத்தாள் ஒன்றை ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்டார். 25 வரிகள், மனக்கவலை, முரட்டு நடத்தை, துறுதுறுப்பும் கவனச் சிதறலும், மற்ற பிள்ளைகளோடு பழகுதல், பிறர்மேல் அக்கறை என்று ஐந்து பிரிவு. ஒவ்வொரு வரிக்கும் "உண்மையில்லை", "ஓரளவு உண்மை", "நிச்சயமாக உண்மை" என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தமிழிலும் கிடைக்கிறது. பெற்றோரும் நிரப்பலாம், ஆசிரியரும் நிரப்பலாம். இருவரும் தனித்தனியே நிரப்புவதுதான் நல்லது. நாள் முழுக்க நின்று வேலை செய்து களைத்த ஒரு தாய்க்கு அன்று பிள்ளை போன் பார்த்த நேரமும் அதிகமாகத் தெரியும், அடமும் அதிகமாகத் தெரியும். இரண்டு பதிலும் ஒரே களைப்பிலிருந்து வந்தால், இல்லாத தொடர்புகூட இருப்பதுபோல் தோன்றும்.

இரண்டையும் அளந்துவிட்டால், தொடர்பு எவ்வளவு?

2022இல், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சுமார் 1,59,000 பிள்ளைகளைப் பற்றிய 87 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். திரை நேரத்துக்கும் அடம், முரட்டுத்தனம், கவனச் சிதறல் போன்றவற்றுக்கும் இடையிலான தொடர்பெண் 0.11 என்று வந்தது. மனக்கவலை போன்றவற்றோடு 0.07. தொடர்பெண் என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு இணைந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண். தொடர்பே இல்லையென்றால் 0, அச்சாகச் சேர்ந்து போனால் 1. அப்பாவின் உயரத்துக்கும் மகனின் உயரத்துக்கும் இது ஏறக்குறைய 0.5 இருக்கும். அதோடு ஒப்பிட்டால் 0.11 சிறியது. இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் என் வகுப்பில், யார் வீட்டில் அதிகம் திரை பார்க்கிறார்கள் என்று நடத்தையை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று ஒரு காலத்தில் நம்பினேன்.

ஆனால் சிறியது என்று தள்ளிவிடுவதற்கு முன் அளவுகோலை நினைத்துக்கொள்ள வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்கள் மில்லிகிராம் காட்டும் தராசில் எடை போடுவார்கள். அதே கொலுசுகளைக் காய்கறித் தராசில் நிறுத்தால், எடையில் உண்மையிலேயே வித்தியாசமுள்ள இரண்டு கொலுசுகளும் ஒன்றுபோலத் தெரியும். இரு பக்கமும் சிதறித் தவறும் அளவு, உள்ள தொடர்பையும் மங்க வைத்துவிடும். பெரும்பாலும் பெற்றோரின் ஞாபகத்தை நம்பி எடுத்த 0.11, இந்தத் தராசில் நிறுத்த எடைதான். உண்மையான எண் இதைவிடப் பெரிதாக இருக்கலாம். களைப்பைப் பற்றி மேலே சொன்னேனே, அதனால் சிறிதாகவும் இருக்கலாம்.

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. தொடர்பு இருப்பதாலேயே காரணம் தெரிந்துவிடாது.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது மாதாந்திர மின்தடை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புப் பணிக்காகக் காலையில் மின்சாரம் நிறுத்துவார்கள். மறுநாள் வகுப்புக்கு வரும் தாய்மார்கள் சொல்வார்கள்: "நேற்று டிவியும் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. பையன் அவ்வளவு சமர்த்தாக இருந்தான் டீச்சர்." கேட்டவுடன் திரைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மின்சாரம் நின்றால் அம்மாப்பேட்டையில் தறியும் நிற்கும். அம்மா திண்ணைக்கு வந்து உட்காருவார். அப்பா பகலில் வீட்டில் இருப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தெருவுக்கு வருவார்கள். சத்தம் அடங்கியதால் மதியம் பிள்ளை நன்றாகத் தூங்கும். அன்று மாறியது திரை மட்டுமில்லை, வீட்டின் நாள் முழுக்கவே மாறிவிட்டது. பிள்ளையைச் சமர்த்தாக்கியது எது?

திரைக்கும் நடத்தைக்கும் பின்னால் நின்று இரண்டையும் ஒன்றாக ஆட்டுகிற இப்படிப்பட்ட மூன்றாவது காரணத்தைக் கணக்கில் எடுக்காததால் பெரிய ஆய்வுகளே சறுக்கியிருக்கின்றன. ஒன்று, மூன்று வயதுகளில் பார்த்த டிவிக்கும் ஏழு வயதில் கவனக் குறைவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அமெரிக்காவில் 2004இல் வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதே தகவல்களை 2010இல் வேறு இருவர் மறுபடி எடுத்து, குடும்பத்தின் வறுமையையும் தாய் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது. டிவியின் பெயரில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி வீட்டின் நிலைமைக்குச் சொந்தமானது.

இன்னொரு சிக்கல், எது முன், எது பின் என்பது. அடம் பிடிக்கிற பிள்ளைக்குத்தான் போன் அதிகம் கிடைக்கிறது. சாந்தமான பிள்ளைக்கு அது தேவைப்படுவதே இல்லை. ஒரே நாளில் இரண்டையும் கேட்டால் போன் அடத்தை வளர்த்ததா, அடம் போனை வரவழைத்ததா என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ஒரே பிள்ளைகளை மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். கனடாவின் கால்கரியில் 2,441 தாய்மார்களையும் பிள்ளைகளையும் இரண்டு, மூன்று, ஐந்து வயதுகளில் தொடர்ந்தார்கள். 2019இல் முடிவு வந்தது. முந்தைய வயதில் திரை அதிகமாக இருந்தால் அடுத்த வயதில் வளர்ச்சி மதிப்பெண் சற்றுக் குறைந்தது. வளர்ச்சி பின்தங்கியதால் திரை கூடியதாகத் தெரியவில்லை. வேறுபாடு சிறியதே. ஆனால் உணர்ச்சி, நடத்தைப் பிரச்சினைகளை எடுத்துக்கொண்டு, 2,90,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த 117 ஆய்வுகளை 2025இல் ஒன்றுசேர்த்தபோது, பாதை இரு பக்கமும் ஓடியது: திரை கூடினால் பிரச்சினை கூடுகிறது, பிரச்சினை உள்ள பிள்ளை மேலும் திரைக்குப் போகிறது.

இந்தச் சுழல் எப்படிச் சுற்றுகிறது என்பதற்கு ஒரு துப்பு இருக்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் 422 பேரை ஆறு மாதம் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு, மொத்த நேரத்தை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டது: "பிள்ளை அழும்போது சமாதானப்படுத்தப் போன் கொடுக்கிறீர்களா?" அடிக்கடி அப்படிக் கொடுத்த வீடுகளில், பின்னாளில் பிள்ளை சட்டென்று கொதித்தெழுவது கூடியிருந்தது, ஆண் பிள்ளைகளிடமும் இயல்பிலேயே துறுதுறுப்பானவர்களிடமும் இது அதிகம். இதை நான் முழுமனதாக நம்புகிறேன், ஏனென்றால் என் கண்ணால் பார்க்கிறேன். அழுகை எழுந்து, உச்சிக்குப் போய், தானே இறங்குவதைப் பிள்ளை அனுபவித்துப் பழக வேண்டும். ஏறும்போதே போன் வந்துவிட்டால் இறங்கும் வழி அதற்குத் தெரியாமலே போகிறது.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற எல்லையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது அது: இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. நல்ல எல்லைதான். 61ஆவது நிமிடத்தில் ஏதோ உடைந்துவிடும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அறிக்கையே உட்கார்ந்தபடி பார்ப்பதையும், தூக்கத்தையும், ஓடியாடுவதையும் ஒரே நாளின் பங்கீடாக வைத்துத்தான் பேசுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயிடம், "போனை அடியோடு நிறுத்துங்கள்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். நல்ல மனதோடு நிறுத்தினார். மூன்றாம் நாள் பிள்ளை தார் சுற்றும் மோட்டார் பக்கம் போய் விரலை நசுக்கிக்கொண்டது. ஒரு நகத்தோடு போயிற்று. அந்த வீட்டில் போன்தான் பிள்ளையைத் தறியிலிருந்து தள்ளி வைத்திருந்த வேலி. அது என்ன வேலை செய்கிறது என்று கேட்காமல் பிடுங்கச் சொன்னது என் தவறு. அதன் பிறகு, தாளில் ஒரு கட்டம் கூடுதலாக வரைகிறேன்: "இந்த நேரத்தில் போன் இல்லையென்றால் என்ன நடந்திருக்கும்?"

அந்தப் பாட்டியின் தாளுக்கே வருகிறேன். அந்தக் கட்டத்தை நிரப்பியபோது ஒவ்வொரு வரியும் வேறு வேறாகப் பிரிந்தது. பல் விளக்குவதற்கு, "அழுவான், ரெண்டு நிமிடம்" என்று எழுதியிருந்தார்கள். இட்லிக்கு, "மெதுவாகத் தின்பான்". இரவுக்கு, "கதை கேட்பான்". பத்தரை மணிக்கு எதிரே, "தறிக்கு வருவான்" என்று மருமகள் எழுதியிருந்தார்.

முதலில் இரவு வரியை எடுத்தார்கள், ஏனென்றால் அதற்குப் பதிலாகப் பாட்டியிடம் கதை இருந்தது. முதல் நான்கு நாள் அழுகை, ஐந்தாம் நாள் குறைவு. மதிய டிவியை இரண்டு சீரியலோடு நிறுத்திவிடுவதாகப் பாட்டி தாமாகவே சொன்னார். பத்தரை மணி வரியை யாரும் தொடவில்லை. வகுப்பு இருக்கும் நாட்களில் பையன் அந்நேரம் எங்களோடு மணலில் இருக்கிறான். விடுமுறை நாட்களில் அந்த 75 நிமிடமும் தாளில் அப்படியே வருகிறது. நானும் அதைக் குறித்து வைத்துக்கொண்டு வருகிறேன்.